செரி வீதிப் பக்கம் வீடு எடுக்கலாமா? அந்த மண்ணை நம்பலாமா?

கறிவேப்பிலை கேட்டது:

வணக்கம். நாங்கள் 26 வருடமாக ஸ்காபுறோவில் இருக்கிறோம். மகளுக்கு ரொறன்ரோ டவுன்ரவுணில் வேலை. பஸ், பிறகு சப்வே, திரும்பவும் பஸ் என்று போய்வரவே ஒரு நாளைக்கு மூன்று மணித்தியாலம் போகிறது. இப்போது டிஸ்ரிலறி என்கிற பழைய சாராய ஆலைப் பகுதிக்குக் கிட்ட, செரி வீதியில், இரண்டு அறைக் கொண்டோ (அடுக்குமாடி வீடு) ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறாள். நாங்களும் பிறகு வீட்டை விற்றுவிட்டு, ஏரிப் பக்கம் புதிதாக வரப்போகிற தீவில் ஒன்று எடுத்தால் எல்லாரும் கிட்டக் கிட்ட இருக்கலாம் என்பது அவளுடைய திட்டம்.

இவர் ஒரேயடியாக வேண்டாம் என்கிறார். 1989இல் வந்த புதிதில் அந்தப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இரவுத் துப்புரவு வேலை செய்தவர். "எண்ணெய்த் தாங்கியும் கறள் இரும்பும் கிடந்த இடம். மழை பெய்தால் டொன் ஆறு ரோட்டுக்கு வரும். காசைக் கொண்டுபோய்ச் சேற்றுக்குள் போடாதே" என்று மகளுக்குச் சொல்லிவிட்டார். அதோடு வீட்டில் இரண்டு கிழமையாகக் கதை குறைவு.

போன சனிக்கிழமை நான் பேரனைக் கூட்டிக்கொண்டு அங்கே திறந்திருக்கிற பீடாசிகே பூங்காவுக்குப் போய்ப் பார்த்தேன். வெளியே வெள்ளையும் உள்ளே சிவப்புமாய் ஒரு பாலம். கீழே ஆறு அமைதியாக வளைந்து போகிறது, கரை முழுக்கக் கோரைப்புல். பேரன் மரத்தில் செய்த பெரிய ஆந்தைக்குள் ஏறி, இறங்கமாட்டேன் என்று அடம்பிடித்தான். எனக்குப் பிடித்துப்போய்விட்டது, ஒளிப்பானேன்! ஆனால் திரும்பும்போது ஒரு பக்கம் சீமெந்துக் குதிர்களும் தூரத்தில் அந்தப் பழைய மின்நிலையப் புகைக்கூண்டும் தெரிந்தபோது இவர் சொன்னதுதான் ஞாபகம் வந்தது.

அந்த மண்ணைச் சுத்தம் செய்தது உண்மையா, கண்துடைப்பா? வெள்ளம் வருமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கோ. வீடு விற்கிற முகவர்கள் தயவுசெய்து உள்பெட்டிக்கு வரவேண்டாம்.

---

கணக்கன்:

அக்கா, மண்ணை விடுங்கோ, முதலில் விலையைப் பாருங்கோ. "ஏரிக்கரை" என்று ஒரு சொல்லைச் சேர்த்தாலே சதுர அடிக்கு விலை ஏறிவிடும். மாதப் பராமரிப்புக் காசு வேறு. அந்த ஏரிக்கரையில் எத்தனை கனவு வந்து போயிற்று என்று கணக்கெடுத்தால் சிரிப்புத்தான் வரும். 2017இல் கூகிளின் சகோதர நிறுவனமான சைட்வோக் லாப்ஸ் வந்து, அந்த ஏரிக்கரையில் குவேசைட் என்கிற இடத்தில் மரத்தாலேயே மாடிக்கட்டடம், தெருவெல்லாம் சென்சர், குப்பைக்கு நிலத்தடிச் சுரங்கம் என்று படம் படமாய்க் காட்டியது. 2020 மே மாதம் கைகழுவிவிட்டுப் போனது. அதற்குப் பிறகு வேறு கட்டுமானக் கொம்பனிகள் எடுத்து, வேறு படம் காட்டுகிறார்கள்.

பழமையைக் காப்பாற்றுகிறோம் என்கிற கதையும் அப்படித்தான். 2021 ஜனவரியில் ஈஸ்ரேண் அவெனியூவில் இருந்த பழைய வார்ப்பாலையை மாகாண அரசே இடிக்கத் தொடங்கியது. சனம் பனிக்குள் நின்று மறித்து, நீதிமன்றம் போய்த்தான் நிறுத்தினார்கள். ஸ்காபுறோ வீட்டில் பின்வளவு இருக்கிறது, முருங்கைக்காய் இல்லாவிட்டாலும் கத்தரிக்காயாவது காய்க்கும். இருக்கிறதை விடாதேங்கோ.

---

பத்துச்சில்லு:

அக்கா, நான் அந்த ஆற்றைத் தோண்டின இடத்தில் 2019 தொடக்கம் மூன்று வருடம் டம்ப் ட்ரக் ஓடினவன். பொறியியலாளர் இல்லை. ஆனால் அந்த மண்ணை என்னளவுக்கு மணந்து பார்த்த தமிழன் ஒருவன் இருப்பான் என்று நான் நினைக்கவில்லை, அதனால் எழுதுகிறேன். நீளமாய்ப் போனால் குறை நினைக்கவேண்டாம்.

அண்ணை சொன்னதில் பொய் இல்லை. எங்களுக்கு அங்கே இரண்டு மணம். ஒன்று எண்ணெய் மணம், பெற்றோல் நிலையத்தில் வாகனத்தைக் கழுவிவிட்ட தண்ணீர் மாதிரி. மற்றது அழுகின இலை மணம், சதுப்பு மண். ஜன்னலைத் திறக்காமலே இப்போது எதை ஏற்றுகிறார்கள் என்று சொல்லிவிடலாம். எண்ணெய் மண் ஒரு பக்கம் போகும், நல்ல மண் இன்னொரு பக்கம் போகும், ஒவ்வொரு லோடுக்கும் ஒரு துண்டு. துண்டை மாற்றிக் கொடுத்தால் அன்றைக்கு வீட்டுக்குப் போகவேண்டியதுதான். வெளியே றோட்டுக்கு ஏறுமுதல் சில்லுகளைக் கழுவவேண்டும். மாசிப் பனியில் அந்தக் கழுவல் தண்ணீர் உறைந்து, பிரேக் பிடிக்காமல் நான் ஒருநாள் வேலியோடு போய்ச் சாய்ந்தது வேறு கதை.

அந்த அழுகின மணம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அந்த இடமே விளங்கும். அது நிலமே இல்லை. அஷ்பிரிட்ஜஸ் பே என்ற பெரிய சதுப்பு நிலம், இந்தப் பேரேரிகளில் இருந்த பெரிய சதுப்புகளில் ஒன்று. 19ஆம் நூற்றாண்டில் டிஸ்ரிலறிக்காரர், அதுதான் கூடர்ஹாம் அண்ட் வேர்ட்ஸ், சாராயம் வடித்த கழிவை மாட்டுக்குப் போட்டு, அந்த மாட்டுத் தொழுவத்துச் சாணியை இதற்குள்தான் விட்டார்கள். நகரத்துக் கழிவும் சேர்ந்தது. நாற்றம், கொலரா பயம். 1912இல் துறைமுக ஆணைக்குழு ஒரு திட்டம் போட்டு, சதுப்பு முழுவதையும் நிரப்பித் தொழிற்சாலை நிலம் ஆக்கத் தொடங்கியது. டொன் ஆற்றைக் கீற்றிங் வாய்க்காலுக்குள் ஒரு செங்கோணத்தில் திருப்பிவிட்டார்கள். பஸ்ஸைக் கூட அப்படித் திருப்ப முடியாது, ஆறு எப்படித் திரும்பும்? மூலையில் மண்ணை இறக்கிவிட்டுத்தான் திரும்பும். அதனால் அங்கே தூர்வாரிக்கொண்டே இருக்கவேண்டும், பெருமழை வந்தால் தண்ணீர் கிழக்கேயும் தெற்கேயும் பாயும். அண்ணை பார்த்த வெள்ளம் அந்தச் செங்கோணத்தின் வேலைதான்.

இப்போது செய்தது, அந்த ஆறு செங்கோணத்தில் திரும்பாமல் ஏரிக்குப் போக ஒரு வழி வெட்டினது. ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் நீளம், சுத்தி வரப் பள்ளத்தாக்கு. 10 இலட்சம் கன மீற்றருக்கு மேல் மண் எடுத்தார்கள். 2017இல் மத்திய, மாகாண, நகர அரசுகள் மூன்றும் சேர்ந்து 125 கோடி டொலர் போடுவதாக ஒத்துக்கொண்டது, பிறகு அதுவும் கூடினது. எடுத்த மண்ணில் நல்லதைக் கொண்டு பக்கத்து நிலத்தை உயர்த்தினார்கள். அந்த உயர்ந்த இடம்தான் நீங்கள் கேட்கிற தீவு. முன்பு வில்லியர்ஸ் தீவு, 2024இல் ஓக்வேமின் மினிசிங் என்று பெயர் மாற்றினார்கள். கருஞ்செரி மரங்கள் நிற்கிற இடம் என்று இந்த மண்ணின் ஆதிக்குடிகளுடைய அனிஷினாபே மொழியில் பொருள்.

மண் சுத்தமா என்று கேட்டீர்கள். எல்லா நஞ்சையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். அவ்வளவு மண்ணையும் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? ஆறு ஓடுகிற இடத்தில் தோண்டி எடுத்தார்கள். மிச்ச இடத்தில் அதை அடைத்து வைத்தார்கள். நிலத்துக்குள் தடுப்புச் சுவர், ஆற்றுக்குக் கீழே களிமண் வைத்துத் தைத்த பாய், அதற்கு மேல் கனத்த பிளாஸ்ரிக் விரிப்பு, அதற்கு மேல் மணல், கல், பிறகுதான் ஆறு. கீழே இருக்கிற பழைய அழுக்கு மேலே வந்து தண்ணீரில் கலக்கக்கூடாது என்பதுதான் எண்ணம். நான் மேலே நின்று அந்தப் பாய்களை உருட்டி விரித்ததைப் பார்த்தவன். ஒரு பாய்க்கு மேல் மற்றப் பாய் எவ்வளவு ஏறவேண்டும் என்று அளவுநாடா பிடித்து ஒரு பெட்டை முழங்காலில் நின்று பார்த்துக்கொண்டு போவாள். குறைந்தால் திரும்ப உருட்டவேண்டும்.

கரை கட்டினபோதுதான் எனக்கு ஊர் ஞாபகம் வந்தது. மண்ணைப் பொட்டலம் மாதிரி மடித்து அடுக்கினார்கள், மடித்த துணி என்னவென்று பார்த்தால் தென்னந்தும்பு! வேர் பிடிக்கிறவரைக்கும் கரையைத் தும்புப் பாய் பிடித்து வைத்திருக்கும், பிறகு உக்கிப் போகும். ஊரில் கடற்கரையில் பொச்சு ஊறப்போட்ட குழியைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போனவன் நான். அந்தத் தும்பு டொன் ஆற்றங்கரைக்கு வரும் என்று யார் கண்டது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 2021இல், மேலே இருந்த நிரப்பு மண் எல்லாம் எடுத்துப் பல அடி கீழே போன இடத்தில், பச்சை பச்சையாய் ஏதோ முளைத்திருந்தது. யாரும் நடவில்லை. நாங்கள் களை என்று நினைத்தோம். பிறகு கயிறு கட்டி, அந்தப் பக்கம் ட்ரக் போகக்கூடாது என்றார்கள். சம்பும் கோரையும். சதுப்பை மூடினபோது உள்ளே அகப்பட்ட விதைகள், நூறு வருடத்துக்குக் கிட்டப் புதைந்து கிடந்து, வெளிச்சம் பட்டதும் முளைத்திருக்கின்றன. பல்கலைக்கழகத்திலிருந்து வந்து வாளியில் மண் எடுத்துக்கொண்டு போனார்கள். அன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நான் அந்தக் கயிற்றுக்குப் பக்கத்தில்தான் இருந்தேன். பாவம், ஒரு சாண் உயரம்கூட இல்லை.

சரி, வெள்ளம். புதுப் பள்ளத்தாக்கில் மூன்று வழி இருக்கிறது: புது ஆற்று வாய், பழைய கீற்றிங் வாய்க்கால், பெருவெள்ளத்துக்கு மட்டும் தெற்கே கப்பல் வாய்க்காலுக்குப் போகிற பசுவெளி ஒன்று. 1954இல் ஹேசல் சூறாவளியில் 81 பேர் செத்தார்கள் அல்லவா, அந்த அளவு மழையை வைத்துத்தான் கணக்குப் போட்டிருக்கிறார்கள். என் கணக்கு இவ்வளவுதான்: அந்த இடத்தில் வீட்டைக் கட்டிவிட்டு ஆற்றைப் பிறகு பார்ப்போம் என்று செய்யவில்லை. ஆற்றை முதலில் கட்டிவிட்டு வீட்டுக்கு வருகிறார்கள். இந்த நாட்டில் 30 வருடமாய் மண் ஏற்றுகிறேன், இந்த ஒழுங்கை நான் வேறு எங்கும் காணவில்லை.

---

கணக்கன்:

பத்துச்சில்லு அண்ணை, நன்றாக எழுதுகிறீர்கள். ஆனால் 2024 யூலையிலும் டொன் ஆற்றோரம் போகிற டொன்வலி பார்க்வே நெடுஞ்சாலை முழுகினதே? அவ்வளவு காசும் எங்கே போனது?

---

பத்துச்சில்லு:

தம்பி, பார்க்வே பள்ளத்தாக்குக்குள் மேலே இருக்கிறது, நாங்கள் வெட்டினது ஆற்றின் வாய். வாயைத் திறந்தால் தொண்டை அகலாது. 2013 யூலையில் கோ ரயில் தண்ணீருக்குள் நின்று, ஏறக்குறைய 1,400 பேரைப் படகில் ஏற்றி இறக்கினார்கள். அதுவும் அந்தப் பள்ளத்தாக்கில்தான். அது இன்னும் முழுகும். இது காப்பாற்றுகிறது வாய்க்குப் பக்கத்து நிலத்தை, ஏறக்குறைய 240 ஹெக்டேயர். இரண்டையும் போட்டுக் குழப்பவேண்டாம்.

---

வரைபடம்:

கறிவேப்பிலை அக்கா, நான் நகரத் திட்டமிடல் படித்தவள், இந்தத் திட்டத்தில் வேலை செய்யவில்லை. நீங்கள் இரண்டு இடத்தை ஒன்றாக நினைக்கிறீர்கள், அதைப் பிரித்தால் பாதிக் குழப்பம் தீரும்.

மகள் பார்த்த செரி வீதி, ரயில் பாதைக்கு வடக்கே. அது வெஸ்ற் டொன் லாண்ட்ஸ். அங்கே ஆற்றுக்கும் வீடுகளுக்கும் நடுவே மண்மேடு ஒன்று போட்டு, அதற்கு மேல் 2013இல் கோர்க்ரவுண் கொமன் பூங்காவைத் திறந்தார்கள். குழந்தைகள் உருண்டு விளையாடுகிற அந்தக் குன்றுதான் வெள்ளத் தடுப்பு. அது டவுன்ரவுணின் கிழக்குப் பக்கத்தையும் சேர்த்துக் காக்கிறது. 2015 பான் ஆம் விளையாட்டுப் போட்டிக்கு விளையாட்டு வீரர்கள் தங்கிய கட்டடங்கள் பிறகு வீடுகளாகவும் மாணவர் விடுதியாகவும் மாறின. ஆகவே மகளுடைய வீடு, பத்து வருடத்துக்கு மேலாகச் சனம் குடியிருக்கிற இடம். பாலர் பராமரிப்பு, வை.எம்.சி.ஏ., ட்ராம் எல்லாம் நடந்துபோகிற தூரம். 504 ட்ராம் டிஸ்ரிலறி வரைக்கும் வருகிறது.

நீங்கள் போகலாம் என்கிற தீவு, ரயில் பாதைக்குத் தெற்கே. அங்கே இன்றைக்கு ஆறு இருக்கிறது, பூங்கா இருக்கிறது, வீடு இல்லை. 9,000 வீடுகள் அளவில் திட்டம். ட்ராம் பாதைக்குப் பாலத்தில் இடம் விட்டிருக்கிறார்கள், பாதை இன்னும் வரவில்லை. எனக்கு இந்தத் திட்டத்தில் இருக்கிற ஒரே கோபம் இதுதான். ஆற்றை முதலில் கட்டின மாதிரி ட்ராமையும் முதலில் கட்டியிருக்கவேண்டும். சனம் கார் வாங்கிக் குடியேறின பிறகு ட்ராம் வந்தால் அந்தக் காரை யார் விற்கப்போகிறார்கள்? ஸ்காபுறோவில் ஆர்.ரி. ரயில் 2023இல் தடம்புரண்டு அப்படியே மூடப்பட்ட பிறகு பஸ்ஸுக்கு நின்று பார்த்தவர்களுக்கு நான் இதை விளக்கத் தேவையில்லை.

மண் விடயத்தில் ஒரு வழி இருக்கிறது. ஒன்ராறியோவில் தொழிற்சாலை நிலத்தைக் குடியிருப்பாக மாற்றுவதென்றால், நிலத்தைச் சோதித்து மாகாணச் சுற்றாடல் அமைச்சில் பதிவு செய்யவேண்டும் என்று சட்டம். அந்தப் பதிவேடு யாரும் பார்க்கலாம். கட்டடத்தின் முகவரியைப் போட்டுத் தேடுங்கோ, எந்தெந்தக் கட்டுப்பாட்டோடு அனுமதித்தார்கள் என்றும் இருக்கும். வாங்குமுதல் வழக்கறிஞர் கொண்டோவின் காசு நிலைமையைச் சொல்கிற நிலைச் சான்றிதழை எடுப்பார், அதில் சேமிப்பு நிதி எவ்வளவு என்று கட்டாயம் பாருங்கோ. வீட்டுக் காப்புறுதியில் நிலத்துமேல் வெள்ளம் சேர்ந்திருக்கிறதா என்றும் கேளுங்கோ. பெரும்பாலும் தனியாகக் கேட்டு, தனியாகக் காசு கட்டித்தான் சேர்க்கவேண்டும்.

கணக்கன் சொன்ன விலைக் கதையில் எனக்குப் பாதி உடன்பாடு. ஆனால் செரி வீதிப் பக்கம் எல்லாமே விற்பனைக் கொண்டோ இல்லை. வாடகைக்கென்றே கட்டினவையும் உண்டு, அதில் ஒரு பகுதி குறைந்த வாடகைக்கு ஒதுக்கியது. மகள் வாங்கத்தான் வேண்டுமா என்று முதலில் கேளுங்கோ. ஒரு வருடம் வாடகைக்கு இருந்து பார்க்கட்டுமே.

சீமெந்துக் குதிர் பற்றிச் சொன்னீர்கள். அது பழைய மிச்சம் இல்லை, வேலை செய்கிற இடம், கப்பலில் சீமெந்து வருகிறது. ட்ரக் சத்தமும் இருக்கும். குயின்ஸ் கீயில் ரெட்பாத் சீனி ஆலை 1959 முதல் இன்றைக்கும் ஓடுகிறது. பக்கத்திலேயே இளஞ்சிவப்புக் குடைகளோடு சுகர் பீச். அங்கே குடைக்குக் கீழே இருந்து, கப்பலில் இருந்து சீனி இறக்குகிறதைப் பார்த்துக்கொண்டு புத்தகம் படிக்கலாம், பாகு மணம் வரும். சிலருக்கு அது தொந்தரவு, எனக்கு அந்த ஆலை இருப்பதால்தான் அது பொம்மை ஏரிக்கரையாக மாறாமல் இருக்கிறது. ஆலை போனால் அந்த வேலையும் போகும்.

---

கணக்கன்:

சீனி மணத்துக்கு நான் காசு கட்டமாட்டேன். ஆனால் வாடகைக்கு இருந்து பார் என்பது நல்ல கதை, அதற்கு நான் வாக்குப் போடுகிறேன்.

---

கறிவேப்பிலை:

எல்லாருக்கும் நன்றி. பத்துச்சில்லுத் தம்பி எழுதினதை இவருக்கு வாசித்துக் காட்டினேன். எண்ணெய் மணம் என்ற இடத்தில் "பார்த்தியா" என்றார். தும்புப் பாய் வந்ததும் ஒன்றும் சொல்லவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

நேற்று இவரையே கூட்டிக்கொண்டு போனேன். ஈஸ்ரேண் அவெனியூவில் இறக்கிவிடச் சொன்னார். தான் வேலை செய்த கட்டடத்தைத் தேடினார், அந்த இடத்தில் இப்போது கிறேன் நிற்கிறது. டொன் ஆற்றுக்கு அங்கால் லீவர் சவர்க்காரத் தொழிற்சாலை இருந்த பக்கத்தைக் காட்டி, இரவு வேலை முடிந்து விடிய நடந்துவரும்போது சன்லைட் மணக்கும், ஊரில் கிணற்றடியில் அம்மா உடுப்புத் தோய்க்கிற மாதிரி இருக்கும், அதற்காகவே அந்தப் பாதையால் வருவேன் என்றார். 35 வருடமாக இந்தக் கதையை எனக்குச் சொல்லவில்லை! அங்கே இப்போது ரயில் நிலையம் கட்டுகிறார்கள்.

பிறகு பாலத்தில் நின்று ஆற்றை நிறைய நேரம் பார்த்தார். "இந்தப் பக்கம் வளைகிறதே, முந்தி நேராய் இடித்துக்கொண்டு நின்றது" என்றார். வீடு பற்றி இன்னும் வாய் திறக்கவில்லை. மகள் ஒரு வருடம் வாடகைக்கு எடுப்பது என்று நாங்கள் இரண்டு பேரும் பேசி வைத்திருக்கிறோம், அவருக்கு ஞாயிற்றுக்கிழமை சொல்லுவோம்.

வரைபடம், அந்தப் பதிவேட்டில் முகவரியைப் போட்டேன், மூன்று பக்கம் வந்தது. பல்கனித் தொட்டியில் கறிவேப்பிலை வைக்கலாமா என்பது மட்டும் அதில் இல்லை.

---

பத்துச்சில்லு:

தொட்டிக்கு மண் கடையில் வாங்குங்கோ அக்கா. குளிருக்கு உள்ளே எடுத்து வையுங்கோ, ஏரிக் காற்றுக் கறிவேப்பிலைக்கு ஆகாது.